நான் சேர்த்துவிட்ட பிள்ளை

கிட்ட வந்து உக்காரு தாயி. அந்த ஓரத்துல வெயில் அடிக்குது, கருத்துப் போயிருவ. பையை மடியில வச்சுக்க, கீழ எவனோ துப்பி வச்சிருக்கான். பஸ்ஸுன்னா துப்புறதுக்குன்னே விட்டிருக்காகன்னு நெனப்பு. பாத்தாலே கொமட்டுது எனக்கு. சின்னப்பிள்ளையில இருந்தே அப்படித்தான், அசிங்கத்தைக் கண்டா ஆகாது.

நான் பேசிக்கிட்டே வந்தாத்தான் எனக்கு வாந்தி வராது. நீ கேட்டுக்கிட்டே வா. மதுரைக்கு இன்னும் எம்புட்டோ நேரம் கெடக்கு.

எம்பேரு சீனியம்மா. ஊரு கீழச்செங்குளம், அருப்புக்கோட்டைக்குத் தெக்க. அந்தச் சுத்துப்பட்டுல போயி மில்லுக்காரம்மான்னு கேட்டா வீட்டு வாசல் வரைக்கும் கூட்டியாந்து விடுவாக. மில்லு என்னுதுன்னு நெனச்சிராத. பொம்பளைப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயி நூல் மில்லுல சேர்த்துவிடுறவ நான். திண்டுக்கல்லைத் தாண்டி. சோறு, தங்க எடம், ஞாயித்துக்கிழமை டிவி, எல்லாம் உண்டு. கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை சேர்த்துக்கிட்டுத் திரும்பி வருங்க. புண்ணியம்தான? அதுக்கு மில்லுல எனக்கு ஏதோ குடுக்குறாகன்னு பேசுவாளுக. கோயில் பூசாரிக்கு மட்டும் தட்டுல விழுகலையா?

அப்பேர்ப்பட்ட என் வாசல்ல, இப்ப வந்து நிக்கிறாளுக தாயி. "சீனியக்கா, எம்பிள்ளையையும் பள்ளிக்கூடத்து விடுதியில சேர்த்துவிடுக்கா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்"னு. என்கிட்ட. பள்ளிக்கூடத்துல சேர்க்கச் சொல்லி. கேக்கும்போதே வாயில கசக்குது. ஒருத்தி செஞ்ச வேலை. இம்புட்டுக்காணு பிள்ளை, நாகஜோதின்னு பேரு. அவ என் தொழில்ல மண்ணள்ளிப் போட்டதைத்தான் ஒனக்குச் சொல்லப்போறேன்.

சொல்லுறதுக்கு முன்னாடி ஆராய்ச்சிக்கார அம்மாவைச் சொல்லணும். ஏன்னா பாதிப் பாவம் அதைச் சேரும்.

சித்திரை வெயில்ல ஒரு காரு வந்து நின்னுச்சு. எறங்குச்சு ஒரு அம்மா. மெட்ராஸ். நிவேதிதா மேடமாம். கழுத்துல ஒரு அட்டை தொங்குது. பிள்ளைகளும் இளவட்டங்களும் ஏன் ஊரை விட்டுப் போகுதுகன்னு ஆராய்ச்சி பண்ண வந்திருக்காம். இதுக்கு மெட்ராஸ்ல இருந்து வரணுமா? என்னைக் கேட்டா நின்ன நெலையில சொல்லிருவேன். இங்க மழை இல்ல, வேலை இல்ல, அப்பன்காரன் குடிக்கிறான். முடிஞ்சுச்சு ஆராய்ச்சி.

ஊருல கக்கூஸ் உள்ள வீடுன்னா என் வீடுதான். அதனால என் வீட்டுலயே தங்குச்சு. நானும் பெத்த மகளாத்தான் பாத்தேன். நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வச்சுக் குடுத்தேன். அது என்ன செஞ்சுச்சு தெரியுமா? டம்ளரை மோந்து பாத்துச்சு. என் வீட்டு டம்ளரை! நான் புளி போட்டு வெளக்கி, வெயில்ல காய வச்சு எடுக்கிற டம்ளரு. வாந்தி எடுக்கணும் போல வந்துருச்சு எனக்கு, அதுக்கு இல்ல, எனக்கு.

பிள்ளைக கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சும். கொஞ்சிட்டு அந்தப் பக்கம் திரும்பி, பையில இருந்து ஒரு தண்ணி எடுத்துக் கையைத் தேச்சுக்கும். போட்டோ எடுக்கணும்னு சொல்லுச்சு, நான் வாசலைக் கூட்டித் தெளிச்சு வச்சேன். "ஏன் கூட்டினீங்க, குப்பையோடயே இருந்திருக்கலாமே"ங்குது. தலை சீவிப் பூ வச்சு வந்த பிள்ளையை ஓரமா நிக்கச் சொல்லிட்டு, மூக்கு ஒழுகிக்கிட்டு நின்ன ஒண்ணை முன்னால இழுத்து வச்சு எடுத்துச்சு. என்ன பொறப்போ. நாங்க நாறினாத்தான் அதுக்குச் சோறு.

அப்புறம் கேள்வி. மில்லுக்குப் போயிட்டு வந்த பிள்ளைகளைச் சமுதாயக்கூடத்துல உக்கார வச்சு, மாசக்குளி சரியா வருதா, எத்தனை நாள் வருது, அங்க மாத்திரை குடுப்பாகளா. ஒரு பொம்பளை கேக்குற கேள்வியா இது? கதவுக்கு வெளிய நின்ன எனக்கே காது கூசுது. ஆமா, வெளியதான் நின்னேன். நான் இல்லாம பிள்ளைக பேசாதுல்ல, பயப்படும்.

இந்த நாகஜோதிக்கு ஒரு அக்கா, செல்வமீனா. நான்தான் மில்லுல சேர்த்துவிட்டேன். போகும்போது நல்லா வாட்டசாட்டமாத்தான் இருந்தா. திரும்பி வந்து, எந்நேரமும் இருமிக்கிட்டு முடங்கிக் கெடக்கா. இருமித் துப்புனா சளி பஞ்சு பஞ்சா வரும். அதை ஒரு கொட்டாங்குச்சியில துப்பித் தலைமாட்டுலயே வச்சிருப்பா. எனக்கு அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க முடியல தாயி, அப்படி ஒரு அருவருப்பு. மில்லுல மூக்குல துணி கட்டச் சொல்லுறாக, இதுக கட்டாம இருந்துட்டு, ஊரு வந்து துப்புதுக. சுத்தம் வேணாமா ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு?

அவ அப்பன் கருத்தபாண்டி என்கிட்ட வந்தான். "மதினி, மூத்தவ படுத்துட்டா. எளையவளைக் கூட்டிட்டுப் போங்க"ன்னான். நாகஜோதி அப்பத்தான் பத்தாவது பரீட்சை எழுதிட்டு வீட்டுல இருந்தா. சரி, அக்கா எடத்துக்குத் தங்கச்சி, மில்லுக்கும் குறை இல்லை, குடும்பத்துக்கும் குறை இல்லைன்னு நான் வாக்குக் குடுத்துட்டேன். ஒரு வேனு நெறையப் பிள்ளைக, வைகாசி பொறந்ததும் கெளம்புறதா ஏற்பாடு.

ஒனக்குத் தங்கச்சி கிங்கச்சி இருக்கா தாயி? சும்மா கேட்டேன். எத்தனாவது படிக்கிறா? நல்லாப் படிக்கிறவளா, சுமாரா? சரி, சரி. சும்மாதான் கேட்டேன்.

ஒருநாள் அந்தம்மா பிள்ளைக கையில கோலப்பொடியைக் குடுத்து, தரையில படம் போடச் சொல்லுச்சு. ஒங்க ஊரைப் போடுங்க, நீங்க போகப்போற எடத்தைப் போடுங்க, போற வழியைப் போடுங்கன்னு. எல்லாப் பிள்ளைகளும் போட்டுச்சுக. வீடு, வேனு, மில்லு, புகைக்கூண்டு. நாகஜோதி மட்டும் பொடியைக் கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறா.

"நீ ஏம்மா போடல?"

"ஒரு சந்தேகம் மேடம். இந்தப் படத்துல நீங்க எங்க இருக்கீங்க?"

"நான் இதுல இல்லம்மா. நான் வெளியில இருந்து பாக்குறவ."

"எங்க நிப்பீங்கன்னு சொன்னா, வண்டி ஒங்க மேல இடிக்காம ஒதுக்கிப் போடுவேன்."

பிள்ளைக எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிக்குதுக. வாயைப் பாத்தியா? நான் அப்பவே ஒரு அறை விட்டிருக்கணும்.

அன்னைக்குச் சாயங்காலம் அவ என் வீட்டுப் பின்பக்கம் வந்து அந்தம்மாவைத் தனியாப் பிடிச்சுட்டா. நான் அடுப்படியில மாவாட்டிக்கிட்டிருந்தேன். கிரைண்டரை அமத்திட்டேன். என் காது அப்படி, செவுத்துக்கு அங்கிட்டு எறும்பு போனாலும் கேக்கும்.

"மேடம், நான் மில்லுக்குப் போகமாட்டேன். பதினொண்ணாவது சேரணும். எங்க அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒங்களுக்குப் பயப்படுவாரு."

அந்தம்மா இருக்கே, மெதுவா, பால் குடிக்கிற பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி சொல்லுது. "கண்ணா, நாங்க எதுலயும் தலையிடக் கூடாதும்மா. அது எங்க ஆராய்ச்சியோட விதி. நான் தலையிட்டா நடக்குறது மாறிப்போகும். அப்புறம் நான் எழுதுறது உண்மையா இருக்காது."

"அப்ப என்னதான் செய்வீங்க?"

"உன் கூடவே வருவேன். நீ போறதைப் பாப்பேன். நடக்குறதை நடந்த மாதிரி எழுதுவேன்."

"எங்க போனாலும் வருவீங்களா?"

"எங்க போனாலும்."

"யாரையும் தடுக்க மாட்டீங்க? யாருக்காகவும் பேச மாட்டீங்க?"

"மாட்டேன்மா."

"சரி மேடம்"னு சொல்லிட்டுப் போயிட்டா. அழுகல, கெஞ்சல. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரு பிள்ளை வந்து கேக்குது, எழுதுவேன்னு சொல்லுது இந்த அம்மா. நானா இருந்தா ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லியிருப்பேன். மில்லுல நல்ல சோறுன்னு சொல்லியிருப்பேன். சீ, ஈரம் இல்லாத ஜென்மம்.

சரி, பிள்ளை அடங்கிட்டான்னு நெனச்சேன். அங்கதான் கோட்டை விட்டேன்.

எங்க ஊரு மாரியம்மனுக்கு வைகாசியில பொங்கல். அதுக்கு முந்தி ஒரு செவ்வாக்கிழமை கொட்டு அடிச்சு, ஊரைக் கூட்டி, இன்ன நாள் பொங்கல்னு சொல்லுவாக. சாமி சாட்டுறதுன்னு பேரு. சாட்டிட்டா அம்புட்டுத்தான். பொங்கல் முடியிற வரைக்கும் வீட்டுல கடுகு தாளிக்கக் கூடாது. ஊருல இருக்கிற ஆளு யாரும் வெளியூருல ராத்தங்கக் கூடாது. மீறித் தங்கினா அம்மை போடும், ஊருக்கே ஆகாது. பட்டாளத்துல இருந்து லீவுல வந்தவனைக்கூட அப்படி நிப்பாட்டி வச்சிருக்காக. இது தெரிஞ்சுதான் நான் எப்பவும் சாட்டுக்கு முன்னாடியே வேனைக் கெளப்பிருவேன்.

இவ என்ன செஞ்சா? பூசாரி வீரணன் வீட்டுக்குப் போயிருக்கா. "தாத்தா, மெட்ராஸ் மேடம் நம்ம சாமி சாட்டுறதைப் படம் பிடிக்கணும்னு ஆசைப்படுறாங்க. நீங்க கொட்டோட முன்னால நடந்து வர்றதை எடுக்கணுமாம். ஆனா அடுத்த வாரம் அவங்க ஊருக்குப் போயிருவாங்களாம். பாவம், குடுத்து வைக்கல"ன்னு சொல்லியிருக்கா. அம்புட்டுத்தான். அந்தக் கெழவனுக்குப் படத்துல வர்றதுன்னா உசுரு. தலைக்குச் சாயம் அடிச்சான் தாயி, சாட்டுக்கு! மீசையில சாயம் ஒழுகி உதட்டுல எறங்கிக் கெடக்கு, பாக்கச் சகிக்கல. அருள் வந்ததாச் சொல்லி, ஒரு வாரம் முந்தியே கொட்டு அடிச்சுச் சாட்டிப்புட்டான்.

மறுநாள் காலையில என் வேனு வந்து நிக்குது. ஒரு பிள்ளை ஏறல. வேன் டிரைவர் ஆரனை அடிக்கிறான், அடிக்கிறான். பெத்தவளுக எல்லாம், "அக்கா, சாட்டியாச்சுல்ல. நாங்க என்ன செய்ய"ங்குறாளுக. பூசாரி வந்து என் வண்டிச் சக்கரத்துல வேப்பிலையைச் சொருகிட்டுப் போறான். நான் மில்லுக்குப் போன் பண்ணிச் சொன்னா, சூப்பர்வைசர் என்னைப் பேசின பேச்சு இருக்கே, அதை இந்த பஸ்ஸுல வச்சுச் சொல்ல முடியாது.

இன்னொரு கூத்து, அந்த மேடமும் கொட்டுச் சத்தம் கேட்டப்ப ஊருக்குள்ள இருந்துச்சுல்ல. அதையும் போகக் கூடாதுன்னுட்டான் வீரணன். தாளிக்காத சாம்பாரைத் தின்னுக்கிட்டு என் வீட்டுலயே கெடந்துச்சு. மூஞ்சி அப்படிப் போகும், இப்படிப் போகும். அதாவது பரவால்ல. ஒருநாள் என்கிட்ட கேக்குது: "பொங்கல் முடிஞ்சதும் எல்லாரும் கண்டிப்பா மில்லுக்குப் போவாங்கதானே? யாராவது ஒரு பிள்ளையாவது போறதை நான் நேர்ல பாக்கணும். இல்லேன்னா என் ஆராய்ச்சியே நின்னு போயிடும்." பாத்துக்க. எனக்காவது தொழில். இதுக்கு என்ன? ஊரை விட்டுப் பிள்ளை போகுதேன்னு எழுத வந்தது, பிள்ளை போகலையேன்னு கவலைப்படுது. இதைவிட அசிங்கம் உண்டா?

பொங்கல் முடியிறதுக்குள்ள மில்லுல வேற ஏஜென்ட் வச்சு எடத்தை நெரப்பிட்டாக. என் பிள்ளைக எல்லாம் கையை விட்டுப் போச்சு. கெஞ்சிக் கேட்டு ஒரே ஒரு எடம் வாங்குனேன். கருத்தபாண்டிக்குச் சொன்ன வாக்குக்காக. அவ அம்மாக்காரி சண்முகத்தாய் அப்ப ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. மகளுக்குத் துணி மடிச்சு வச்சா, பைக்குள்ள ஏதோ காயிதமெல்லாம் திணிச்சா. எனக்கு அப்பவாச்சும் உறைச்சிருக்கணும்.

ஒரு பிள்ளைக்கு வேன் எதுக்கு? பஸ்ஸுல கூட்டிட்டுக் கெளம்புனேன். நாகஜோதிக்கு நானே தலை சீவி, கனகாம்பரம் வச்சுவிட்டேன். வழக்கம்போல சொல்லியும் குடுத்தேன். வழியில எவனாச்சும் கேட்டா நான் ஒனக்குப் பெரியம்மா, சொந்தக்காரக வீட்டுக் காதுகுத்துக்குப் போறோம், வயசு பதினெட்டு. பிள்ளைக பத்திரத்துக்குத்தான் தாயி. ஊருல கண்ட கண்ட ஆபீசரு திரியிறான், பிள்ளைகளைப் பிடிச்சு எங்கயாச்சும் அடைச்சுருவான். மேடமும் கூட வந்துச்சு, மூக்கைக் கைக்குட்டையால பொத்திக்கிட்டு. பிள்ளையோட பை என் கையில. பை கையில இருந்தா ஓடாதுக.

அருப்புக்கோட்டையில எறங்கி, மதுரை பஸ்ஸுக்கு நிக்கிறோம். "பெரியம்மா, அவசரமா ஒண்ணுக்கு வருது"ங்குறா. பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் வாசல்ல போனா, ஐயையே, அந்த நாத்தம். தண்ணியா ஓடிக் கெடக்கு. என்னால நிக்க முடியல. அந்தம்மாவுக்கோ கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"பெரியம்மா, ஒங்களுக்கும் ஆகாது, மேடத்துக்கும் ஆகாது. இந்தா பின் தெருவுல ஒரு எடம் இருக்கு, பினாயில் ஊத்திக் கழுவி வச்சிருப்பாங்க. வாங்க"ன்னா.

எனக்குச் சுத்தம்னா உசுருன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அந்த எடத்துல நிப்பாட்டியிருக்கா. நான் பின்னாலயே போறேன், எனக்குப் பின்னால மேடம். ஒரு பெரிய இரும்புக் கேட்டு. உள்ள நெறையப் பிள்ளைக பாய் உதறுதுக. வாசல்ல ஒரு அம்மா, கொண்டை போட்டு, கண்ணாடி போட்டு, போலீஸ்காரி மாதிரி நிக்குது.

"வணக்கம் மேடம். நான் கீழச்செங்குளம் நாகஜோதி. எங்க கிளாஸ் டீச்சர் போன்ல பேசினாங்களே. பெரியவங்க யாராச்சும் கூட்டிட்டு வந்தாத்தான் சேர்ப்போம்னு சொன்னீங்க"ன்னு இவ சொல்லுறா.

அந்த விடுதி வார்டன் அம்மா என் பக்கம் திரும்பி, கண்ணாடிக்கு மேல பாத்துச்சு. "நீங்க யாரும்மா?"

நான் என்னத்தைச் சொல்ல? இத்தனை வருசமா அந்த மாதிரி ஒரு மூஞ்சி, அந்த மாதிரி ஒரு கேள்வி கேட்டா, என் வாய்க்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். மூளை யோசிக்குறதுக்குள்ள வாய் சொல்லிப்புடுச்சு.

"நான் பிள்ளைக்குப் பெரியம்மா."

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"பதினெட்டு."

"பத்தாவது முடிச்ச பிள்ளைக்குப் பதினெட்டா?"

"பதினஞ்சு மேடம்"ங்குறா இவ, சிரிச்சுக்கிட்டு. "பெரியம்மாவுக்கு வயசுக் கணக்கு வராது. எங்க ஊருல பிள்ளைகளை வெளியூருக்குக் கூட்டிட்டு வந்து சேர்த்துவிடுறதே இவங்கதான். யாரை வேணா கேட்டுப் பாருங்க."

பொய்யா சொன்னா? ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். வார்டன் அம்மா மூஞ்சி அப்படியே மாறிப்போச்சு. என் கையைப் பிடிச்சுக்குச்சு. "உங்களை மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்மா"ங்குது. எனக்கு மேலெல்லாம் புழு ஊர்ற மாதிரி இருக்கு.

நான் மேடத்தைப் பாத்தேன். "அம்மா, நாம எங்க போறோம்னு நீங்களாச்சும் சொல்லுங்கம்மா"ன்னேன். அந்தம்மா உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்குது. "நான் தலையிடக் கூடாது சீனியம்மா"ங்குது. சொல்லிட்டுக் குனிஞ்சு எழுதுது. என் கோழிக்கொழம்பைத் தின்ன வாயி. தாயி, அந்த எடத்துலயே காறித் துப்பியிருப்பேன். துப்புற பழக்கம் இல்லாமப் போச்சு.

அப்புறம் என்ன, கையெழுத்துப் போடச் சொன்னாக. போடலைன்னா யாரு நீ, எங்க கூட்டிட்டுப் போறன்னு வரும். போட்டேன். எனக்குத் தெரிஞ்ச எழுத்தெல்லாம் என் பேரு மட்டுந்தான். கருத்தபாண்டி அப்புறம் அங்க போயிக் குதிச்சிருக்கான். "பிள்ளையோட பெரியம்மாவே வந்து சேர்த்துட்டுப் போயிருக்காங்க, நீ என்னய்யா குடிச்சுட்டு வந்து கத்துற"ன்னு வெரட்டிவிட்டிருக்கு அந்த வார்டன். அவன் நேரா என் வாசலுக்கு வந்து, "நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே மதினி"ன்னு தெருவே கேக்க அழுகுறான். அன்னையில இருந்துதான் ஊரு பூராவும் என்னைப் பள்ளிக்கூடக்காரியாக்கிப் பேசுது. என்னை நம்பி இனி எவ பிள்ளையை அனுப்புவா? அதான் இப்ப நான் இந்தப் பக்கமா, புது ஊருகளைப் பாத்துப் போறேன்.

நாகஜோதியா? அவளுக்கு என்ன. கையெழுத்துப் போட்டு முடிஞ்சதும் என் முன்னால வந்து கையை நீட்டுனா. "பையைக் குடுங்க பெரியம்மா, ரொம்ப நேரமாச் சுமக்குறீங்க"ன்னா. வாங்கிக்கிட்டுக் கேட்டுக்கு அங்கிட்டுப் போயி நின்னுக்கிட்டு, மேடத்தைப் பாத்து, "எழுதிட்டீங்களா மேடம்?"னு கேட்டா. "எழுதிட்டேன்மா"ன்னு அது தலையாட்டுச்சு. ஒடனே கேட்டை இழுத்துச் சாத்தி, எங்க ரெண்டு பேரு மூஞ்சிக்கு நேரா, அவளே உள்பக்கமாத் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டா.